மைக்கில் நான், வண்டியில் அவர்

சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஆபீஸ். பாரிமுனையில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஒரு மணிக்கு மெஷினுக்கு உறை போட்டுவிட்டு பீச் ஸ்டேஷனுக்கு ஓடி மின்சார ரயிலைப் பிடித்தால் இரண்டேகாலுக்குத் தாம்பரம். ஸ்டேஷனுக்கு வெளியே டெம்போ நிற்கும். அதன் பின்பக்கம் சரிவாக ஆணியடித்த இரண்டு பெரிய பலகை மேடைகள், நடுவில் கயிற்றால் இழுத்துக் கட்டிய மோட்டார் சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு என் கணவர். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜி.எஸ்.டி. ரோட்டின் குலுக்கலில் தயிர் சாதம் சாப்பிடுவேன். டப்பா காலியாவதற்குள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் கேட் வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. ஆறேழு வருஷம் ஓடியது.

என் கணவர் கல்யாணத்துக்கு முன் கண்காட்சிகளில் மரணக்கிணறு ஓட்டியவர். பலகைகளை அடுக்கிக் கட்டிய வட்டமான கிணற்றுக்குள், செங்குத்தான சுவரில் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களே, அது. கண்காட்சி இல்லாத மாதங்களில் அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்த்தார். அப்பாவின் ஸ்கூட்டர் அங்கேதான் ரிப்பேருக்குப் போகும். அதை எடுத்துவர நான்தான் போவேன். அப்படி ஆரம்பித்தது. காலனி முழுக்க ஆபீஸ் போகிறவர்கள். மாப்பிள்ளை மெக்கானிக் என்பதை அப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை. மரணக்கிணறு விஷயத்தை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. மெக்கானிக் என்றதற்கே இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒன்றுதான் கேட்டேன். கிணறு வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஆனால் வண்டியை விடவில்லை. அவருடைய அந்தப் பழைய இரட்டை சைலன்சர் வண்டியைத் தரையிலேயே பலவிதமாக ஓட்டிக் காட்டுவார். சீட்டின் மேல் நின்றபடி கையை விரித்து வருவார். பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஓட்டுவார். கடைசியில் ஒரு சரிவுப் பலகையில் ஏறிப் பறந்து, தரையில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆட்களைத் தாண்டி இன்னொரு பலகையில் இறங்குவார். கோயில் திருவிழாக்களில் இதைச் செய்துகொண்டிருந்தவரை ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் பார்த்தார். பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டார். ஆனால் தயங்கினார்.

"வெறும் சர்க்கஸ்னா ஸ்கூல்ல வைக்க முடியாதுப்பா. கூடவே தைரியம், தன்னம்பிக்கைன்னு ரெண்டு நல்ல வார்த்தை பேசுங்க. ஸ்பெஷல் அசெம்பிளின்னு போட்டுடறேன்" என்றாராம்.

இவர் பேசினார். மைக்கைப் பிடித்து, "இன்னா பசங்களா, எல்லாம் நல்லா கீறீங்களா?" என்று ஆரம்பித்தாராம். பிள்ளைகள் மைதானமே அதிரும்படிக் கத்திச் சிரித்திருக்கிறார்கள். இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தலைமை ஆசிரியருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. அன்றைக்கே இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டி நீங்க ஓட்டுங்க. பேசறதுக்கு மட்டும் வேற யாராவது படிச்சவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் அப்படியே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது, "நான் பேசறது அவ்ளோ கேவலமாவா கீது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அவருக்காகப் பேசுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது என்று நினைத்தேன்.

பேச்சை நானே எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் பேப்பரின் பின்பக்கத்தில். பயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, அது நாமே உண்டாக்கிக்கொள்வது. கணக்குப் பரீட்சையைப் பார்த்து நடுங்குகிறீர்களே, இவர் எமனையே பார்த்து நடுங்காதவர். இவருக்குப் பயம் என்ற சொல்லுக்கு அர்த்தம்கூடத் தெரியாது. இந்த மாதிரி. படிக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மைதானத்தில் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். ஒரு பள்ளியில் கேட்டு அடுத்த பள்ளியில் கூப்பிட்டார்கள். குரோம்பேட்டை, செம்பாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் நாங்கள் போகாத பள்ளி குறைவு.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷத்தில் அவர் தாண்டுவதை நான் பார்த்ததே இல்லை. மைக் எப்போதும் பிள்ளைகளுக்கு எதிரே இருக்கும். நான் அவர்களைப் பார்த்து நிற்பேன். பலகைகள் எனக்குப் பின்னால். "ஒன்று... இரண்டு... மூன்று..." என்று மைக்கில் சொல்வேன். பின்னால் வண்டியின் சத்தம் ஏறிக்கொண்டே வரும். திரும்பிப் பார்க்க மாட்டேன். முதல் வரிசையில் ஏதாவது ஒரு சின்னக் குழந்தையின் முகத்தை மட்டும் பிடித்துக்கொள்வேன். கண் விரியும். வாய் திறக்கும். ஒரு நொடி எல்லாம் அப்படியே நிற்கும். அப்புறம் அந்த முகம் சிரிப்பில் உடையும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும். பயம் என்று ஒன்று கிடையாது என்று ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னவள் நான்தான்.

வீட்டுக்கு வந்தால் எனக்குக் கால் ஓய்ந்துபோய்விடும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், திங்கட்கிழமை ஆறேமுக்கால் ரயில். அவருக்கு அலுப்பே தெரியாது. வாரம் முழுக்கக் கடையில் கிரீஸும் டீசலுமாகக் கிடப்பவருக்குச் சனிக்கிழமைதான் உயிர். "இன்னாமே, இன்னிக்கு எப்டி இருந்துச்சு?" என்று கேட்பார். நான் பார்த்தேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "சூப்பரா இருந்துச்சுங்க" என்பேன்.

ஒருநாள் காலை ரயிலில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லேடீஸ் கம்பார்ட்மென்ட். குரோம்பேட்டையில் ஏறியவர். பல்லாவரம் தாண்டியதும் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. ஸ்கூல்ல மோட்டார் சைக்கிள் ஷோல பேசினது நீங்கதானே?"

எனக்குச் சந்தோஷம். "ஆமாங்க. வந்திருந்தீங்களா?"

"ஆனிவர்சரிக்கு பேரன்ட்ஸையும் கூப்பிட்டிருந்தாங்க. என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. போன மாசம் வீடு கட்டற இடத்துல ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு, சைக்கிள்ல தாண்டியிருக்கா. மணிக்கட்டு ரெண்டு இடத்துல உடைஞ்சுபோச்சு."

நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

"நான் சண்டை போட வரலைங்க" என்றார் அந்த அம்மா. குரலில் நிஜமாகவே கோபம் இல்லை. "ஏண்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டா, பயம்னு ஒன்னு கிடையாதும்மா, நாமளே உண்டாக்கிக்கிறதுதான்னு சொல்றா. அப்படியே நீங்க சொன்ன மாதிரியே, கையை ஆட்டி. கட்டுப் போட்ட கையோட. அதான், உங்களைப் பார்த்ததும் சொல்லணும்னு தோணிச்சு."

கிண்டியில் இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஆபீஸில் ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

சாயந்திரம் அவரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். "ஐயோ பாவம், கை சேர்ந்துடுச்சாமா?" என்று கேட்டார். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று பேச்சில் சேர்க்கப் போகிறேன் என்றேன்.

"சேத்துக்கோ. ஆனா அத்த சொன்னா மட்டும் உட்டுடுவாங்களா? சொல்லாத வரைக்கும் தோணாது. சொன்னாதான் தோணும்" என்றார்.

சேர்த்தேன். "இதைப் பார்க்கத்தான் வேண்டும், செய்யக்கூடாது" என்று ஒரு வரி. ஆனால் மற்றதையும் விடவில்லை. பள்ளிக்கூடங்கள் அதற்காகத்தானே கூப்பிட்டன. ஒரே மூச்சில் பயப்படாதே என்றும் செய்யாதே என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டுக்கும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் மைக் முன்னால் நிற்கும்போது அந்தக் கட்டுப் போட்ட கை நினைவுக்கு வரும். டெம்போவில் போகும்போதே ஒரு அலுப்பு வந்து தோளில் உட்கார்ந்துகொள்ளும். இருந்தாலும் போனேன். இன்னும் ஒன்றரை வருஷம் போனேன்.

கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு பள்ளி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். கரஸ்பாண்டென்ட்டின் குடும்பத்தார் அந்த ஊர்க்காரர்கள். நெல் விளைந்த இடத்தில் பாதியைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு மீதியில் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். மைதானத்தைச் சுற்றி வெள்ளை அடித்த எல்லைக் கற்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு சிறிய டவல். எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மண் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. டெம்போ டிரைவர் அண்ணனும் இவரும் பலகைகளை இறக்கி, தட்டிப் பார்த்து, அடியில் செங்கல் கொடுத்து நிறுத்தினார்கள். இறங்கும் பலகைதான் முக்கியம் என்று இவர் அதன் மேல் ஏறிக் குதித்துக் குதித்துப் பார்த்தார்.

"மச்சான், இந்தப் பக்கம் கொஞ்சம் ஆடுது" என்றார் டிரைவர் அண்ணன்.

"இன்னொரு கல்லு குடு. போதும்."

நான் பேசினேன். வெயிலில் பிள்ளைகள் வரிசை வரிசையாக மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை, எமன், பயம் என்று ஒன்று கிடையாது. வாய் தானாகப் பேசியது. மனசு அன்றைக்கு ராத்திரி மாவு அரைக்க மின்சாரம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் சீட்டின் மேல் நின்று வந்தார், திரும்பி உட்கார்ந்து வந்தார். கடைசியில் தாண்டும் கட்டம்.

படுப்பதற்கு வழக்கமாக பி.டி. மாஸ்டர், வாட்ச்மேன், ஸ்கூல் பஸ் டிரைவர் என்று யாராவது ஆசையாகவே வருவார்கள். டெம்போ டிரைவர் அண்ணன் எப்போதும் ஒரு ஆள். இங்கே கரஸ்பாண்டென்ட் ஒரு யோசனை வைத்திருந்தார். ஆறு ஆசிரியர்கள் படுக்க வேண்டும். அதில் மூன்று பேர் பெண்கள். ஸ்டாஃபே தைரியமாகப் படுத்தால் பிள்ளைகளுக்கு அது பாடம் என்றார். பேர்களை அவரே ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஐந்து பேர் வந்து படுத்துவிட்டார்கள். ஆசிரியைகள் இருவரும் புடவையைக் காலோடு இறுக்கிச் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆறாவது, மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். வந்து, படுக்காமல், என் பக்கத்தில் நின்றாள்.

"மேடம், என்னால முடியாது மேடம். சார்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

"உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டேன். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லித் தப்பிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"உடம்புக்கு ஒன்னும் இல்ல மேடம். பயமா இருக்கு. அவ்ளோதான்."

அதற்குள் கரஸ்பாண்டென்ட் வந்துவிட்டார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. மைக் ஆனில் இருப்பதைக் கவனிக்காமல் பேசினார். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

"பயமா? இவ்வளவு நேரம் மேடம் என்ன சொன்னாங்க? பயம்னு ஒன்னு கிடையாதுன்னுதானே சொன்னாங்க? நீங்க காதுல வாங்கலியா டீச்சர்? பசங்க பாத்துட்டிருக்காங்க."

பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில்தான் இருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். எனக்கு அந்தச் சமயத்தில், சார், நான் சொன்னது பொய், வருஷக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைவிடச் சுலபமாக ஒன்று தோன்றியது.

"விடுங்க சார். இவங்க இடத்துல நான் படுக்கறேன்" என்றேன்.

மைக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஆறாவது ஆளாகப் படுத்தேன். அந்த இடம் இறங்கும் பலகைக்கு ஒட்டிய இடம். மண் முதுகில் சில்லென்று பட்டது.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் ஹெல்மெட் போட்டு, வண்டியை உறுமவிட்டுக்கொண்டு, என் குரலுக்காகக் காத்திருந்தார். என் குரல் வரவில்லை. மைக்கை வைத்திருந்த பெண்ணுக்கு எண்ணத் தெரியாதா என்ன, ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பி.டி. மாஸ்டர் படுத்தபடியே விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.

சத்தம் தரை வழியாக வந்தது. முதுகெலும்பில் கேட்டது. முதலில் நிழல் மேலே விழுந்தது. அப்புறம் வண்டியின் அடிப்பக்கம். கறுப்பாக எண்ணெய் படிந்த எஞ்சின், சங்கிலி, காற்றில் சும்மா சுற்றும் சக்கரம். அவரைப் பார்க்க முடியவில்லை, காலணியின் அடி மட்டும் தெரிந்தது. என் முழங்கையில் சூடாக ஏதோ ஒரு சொட்டு விழுந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அதை நினைத்து முடிப்பதற்குள் எனக்குப் பக்கத்தில் பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு இரும்பு மண்ணில் இழுபடும் சத்தம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் எழுந்து பார்த்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் அவர் மண்ணில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை:

"நீ இன்னாத்துக்கு அங்க படுத்த?"

கரஸ்பாண்டென்ட்டுக்கு வியர்த்துவிட்டது. டவலால் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல. மேடம், நீங்க ரெண்டு வார்த்தை பேசி முடிச்சிடுங்க. பசங்க பயந்துடப் போறாங்க."

மைக்கை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கினேன். முடிக்கும்போது சொல்ல ஒரு பத்தி வைத்திருந்தேன். மனப்பாடமாக வரும். வெற்றி, விடாமுயற்சி என்றெல்லாம் வரும். வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்றேன். "எப்பவும் பயமாத்தான் இருக்கும். பயப்படற டீச்சரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. இதை யாரும் செஞ்சு பார்க்காதீங்க. அவ்வளவுதான்."

எங்கோ ஒரு குழந்தை கை தட்டியது. பழக்கம். உடனே எல்லாரும் தட்டினார்கள். கரஸ்பாண்டென்ட் மைக்கை வாங்கி அவசரமாக நன்றி சொன்னார். அசெம்பிளி என்றால் முடிவில் தேசிய கீதம் பாட வேண்டும். பாடினார்கள். அத்தனை பேரும் எழுந்து அசையாமல் நின்றார்கள். அவரும் டிரைவர் அண்ணனைப் பிடித்து எழுந்து, ஒரு கை உடம்போடு ஒட்டித் தொங்க, விறைப்பாக நின்றார். வலியில் உதடு வெளுத்திருந்தது. பாட்டு முடிகிற வரை நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டெம்போவில் தாம்பரத்துக்கு வரும் வழியில் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் உடைந்த பலகைகளோடு வந்தேன். ஆஸ்பத்திரியில் தோளுக்கு முன்னால் இருக்கும் காரை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். எட்டு என்ற எண் மாதிரி இரண்டு தோளையும் சுற்றிக் கட்டுப் போட்டு ஆறு வாரம் வண்டி தொடக்கூடாது என்று அனுப்பினார்கள்.

முதல் வாரம் அவர் பேசவில்லை. நான் ஆபீஸ் போகும் முன் சட்டை மாட்டிவிடுவேன், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் சாயந்திரம், நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

"பன்னெண்டு வருஷமா ஓட்டறேன். ஒருவாட்டி விழுந்திருப்பனா?"

"இல்ல."

"உன் கொரலு வரல. விசிலு வந்துச்சு. சரின்னு உட்டேன். பாதி வந்தப்பறம் பாக்கறேன், கடைசில உன் பொடவை தெரியுது. அந்தப் பச்சப் பொடவை. நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா உங்க ஆறு பேர் மேலதான் விழணும். முறுக்கினேன். கை என் கையாவே இல்ல."

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்த டீச்சரு படுத்திருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்" என்றார். "அது பயந்துகினு படுத்திருக்கும். நான் தாண்டியிருப்பேன். எழுந்து போயிருக்கும். அவ்ளோதான்."

அவர் சொன்னது சரி. நான் அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யப் போய் இவருடைய எலும்பை உடைத்தேன். என் ஜாதகம் நன்றாக இருந்ததால் என் மேல் விழவில்லை.

"அத்த உடு. அத்தினி பசங்க முன்னாடி எப்பவும் பயமாத்தான் இருக்கும்னு சொல்லிட்டியே, என்மேல உனக்கு நம்பிக்கை இல்லியா?"

"நம்பிக்கை இருக்குங்க. நம்பிக்கை வேற, பயம் வேற."

"இன்னா வேற?"

அப்போதுதான் நான் அத்தனை வருஷமும் திரும்பிப் பார்க்காமல் நின்றதைச் சொன்னேன். குழந்தைகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்று சொன்னேன். விழுந்ததைவிட அதுதான் அவரை அதிகம் அடித்தது.

"அப்ப சூப்பரா இருந்துச்சுன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டார்.

கட்டுப் பிரித்து இரண்டு மாதம் கழித்து மறைமலை நகரில் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. பேசுவதற்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் முக்கால் மணி நேரம் பேசினாராம். பிள்ளைகள் மண்ணில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள், எஞ்சின் ஆறிப்போயிற்று என்று டிரைவர் அண்ணன் வந்து சொன்னார். இன்னொரு பள்ளியில் யாரையும் கூட்டிப் போகாமல் இவரே பேசினார். அடுத்த வருஷம் அங்கேயிருந்து கூப்பிடவில்லை. தாண்டும்போது கை கொஞ்சம் தயங்குகிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். அப்புறம் அவரே நிறுத்திவிட்டார். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜில் பஸ் ஷெட்டுக்கு மெக்கானிக் தேவை என்று கேள்விப்பட்டு அங்கே சேர்ந்தார். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். போகப் போக ஷெட்டுக்கே பொறுப்பாளர் ஆனார். பிள்ளைகள் சார் என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்த வருஷ முடிவிலேயே வேலையை விட்டுவிட்டதாக டிரைவர் அண்ணன் ஒருமுறை சொன்னார். அதற்கு வேறு காரணம் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் பழைய கதை யாராவது எடுப்பார்கள். ஏன் விட்டுட்டீங்க என்று கேட்பார்கள். "இவதான் வேணாம்னா" என்று அவர் என்னைக் கை காட்டுவார். கோபமாக இல்லை, அவருக்கு அது இப்போது ஒரு பதில் மட்டும்தான். நானும் மறுப்பதில்லை. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் ஒழுங்காக இறங்கியிருந்தால், மைக்கில் அவ்வளவு பேசியதற்குப் பிறகும், அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி டெம்போவில் ஏறியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அவர் விழுந்ததால்தான் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை.